பூ. பவளம் என்கிற வேட்டை நாய்க்குட்டி

எங்கள் கரட்டூர்க்காரர்களைப் பக்கத்து ஊர்க்காரர்கள் முட்டாள்கள் என்று சொல்வார்கள். அது அநியாயம். முட்டாள் என்றால் யோசிக்காதவன். எங்கள் ஊரில் யோசிக்காமல் ஒருத்தர் மூக்குக்கூடச் சிந்த மாட்டார். ஆசை தீர யோசித்துவிட்டுத்தான் தப்பாகச் செய்வார்கள்.

அதிலும் என் எதிர்வீட்டுப் பூவலிங்கம் குடும்பம் இருக்கிறதே, அது இன்னும் ஒருபடி மேல். வீட்டில் நாலு பேர். மூத்தவர் பூவலிங்கம், அவர் பெண்டாட்டி பேச்சிக்கனி, கல்யாணமாகாத தம்பிகள் சங்கிலி, மாடக்கண்ணு. எந்தச் சங்கதியாக இருந்தாலும் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் வைத்துப் பேசித்தான் முடிப்பார்கள். செம்பு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். ஒரு தரம் சங்கிலியைத் தேள் கொட்டிவிட்டது. செம்போ மாடக்கண்ணு கையில். அவன் மழையைப் பற்றிப் பேசி முடிக்கிற வரைக்கும் சங்கிலி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்படி ஒரு ஒழுக்கமான வீடு.

ஒரு நாள் பேச்சிக்கனி செம்பைக் கையில் எடுத்தாள்.

"எனக்கு ஒரு நாய்க்குட்டி வேணும். பன்னெண்டு வருசமா உங்க மூணு பேரு பேச்சையும் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. வாய் பேசாத சீவன் ஒண்ணு இந்த வீட்டுல எனக்குன்னு வேணும்" என்று சொல்லிவிட்டு, செம்பைக் கீழே வைக்கும்போது அழுதுவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒன்றுமே கேட்டதில்லை. பூவலிங்கத்துக்கு மனசு தாங்கவில்லை. மறுநாளே நாலு பேரும் பஸ் ஏறி ஊர்க்காவலன் வீட்டுக்குப் போனார்கள்.

ஊர்க்காவலன் வேட்டை நாய் வளர்க்கிறவர். நல்ல மனுசர், ஆனால் குட்டிகள் விஷயத்தில் படு கறார். வாங்க வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்து, மனசுக்குப் பிடித்தால்தான் கொடுப்பார். "ஆத்தாக்காரி சிப்பிப்பாறை. அப்பன் ஊர்நாய், ஆனா பயங்கரமான அறிவு. ரெண்டும் சேர்ந்த கலப்பு. வீட்டுல வளர்க்க இதைவிட சாதுவான குட்டி கெடையாது" என்று ஆறு குட்டிகளைத் திறந்துவிட்டார்.

ஐந்து குட்டிகள் நாலா பக்கமும் ஓடின. ஒன்று மட்டும் நீளக் காலை நீட்டிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இதுதான் நல்ல குட்டி. மத்ததெல்லாம் நாம வாங்குறதுக்கு முன்னாடியே ஓடிப் போகுது. வாங்கின பிறகு நிக்குமா?" என்றார் பூவலிங்கம்.

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. செவலை நிறம், பெண்குட்டி, பிறந்து இரண்டு மாதம். பேச்சிக்கனி மடியில் போட்டதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, அவள் முழங்கைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு மறுபடியும் தூங்கியது. அவ்வளவுதான், பேச்சிக்கனி மனசு அதோடு போய்விட்டது.

ஊர்க்காவலன் விரலை நீட்டிச் சொன்னார்: "நல்லாக் கேட்டுக்கோங்க. ரெண்டாவது ஊசி போடுற வரைக்கும் இது காலு தெருத் தரையில படக் கூடாது, நோய் ஒட்டிக்கிரும். இது கண்ணால பார்த்து விரட்டுற சாதி, பழகுற வரைக்கும் இது முன்னாடி எதுவும் ஓடக் கூடாது. வீட்டைச் சுத்தி ஆறடி வேலி போடுங்க, ஒரு சந்துகூட இருக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, இதைக் குடும்பத்துல ஒருத்தரா வச்சு வளர்க்கணும். பதினஞ்சாம் நாள் வந்து பார்ப்பேன். வளர்ப்பு எனக்குப் பிடிக்கலைன்னா குட்டியத் தூக்கிட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்."

பேச்சிக்கனி உடனே மூன்று பேர் பக்கமும் திரும்பினாள். "ஒண்ணு விடாம மனசுல ஏத்துங்க, ஆளுக்கு ஒண்ணு!" என்று உத்தரவு போட்டாள். மறந்துவிடக் கூடாதே என்று ஆளுக்கு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள்.

பஸ் நிறுத்தத்தில் குட்டியைக் கை மாற்ற வேண்டியிருந்தது. மாடக்கண்ணுக்கு வேட்டி அவிழ்ந்துவிட்டது. "கீழ வைக்கலாமா?" என்று கேட்டான்.

"காலு படக் கூடாது" என்றான் சங்கிலி.

"முதுகு?"

சங்கிலி யோசித்தான். "முதுகைப் பத்தி அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலை."

குட்டியை நடுத்தெருவில் மல்லாக்கப் படுக்க வைத்து, நாலு காலையும் நாலு பேர் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மாடக்கண்ணு ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வேட்டி கட்டி முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. குட்டி தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் கூட்டம். 'குடும்பத்தில் ஒருத்தர்' என்றால் முதலில் பெயர் வேண்டும். பவளம் என்று முடிவானது. வெறும் பவளம் என்றால் யார் வீட்டுப் பவளம் என்று கேட்பார்கள். அதனால் பூ. பவளம்.

அடுத்த நாளே ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கச் சங்கிலி கிளம்பினான். ஆபீசில் எழுதுகிறவர், "வயசு?" என்றார்.

"ரெண்டு மாசம்."

"பிறந்த சர்டிபிகேட் இருக்கா?"

"இல்லைங்க. ஆனா பல்லு முளைச்சிருக்கு" என்று விரலில் இருந்த கடியைக் காட்டினான். அவர் சாப்பாட்டு வேளை என்று எழுந்து போய்விட்டார்.

அந்த வீட்டில் வீட்டுவேலை எல்லாம் முறை வைத்துத்தான். சமையல் ஆளுக்கு ஒரு நாள். இப்போது ஐந்தாவதாக ஒரு ஆள் வந்துவிட்டதால் முறையை மாற்றினார்கள். புதன்கிழமை பவளம் முறை என்று முடிவானது.

முதல் புதன்கிழமை நான் எட்டிப் பார்த்தபோது மணி ஒன்று. அடுப்பு பற்றவைக்கவில்லை. நாலு பேரும் தட்டு வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பவளம் கட்டிலில் தலையணை மேல் தூங்கிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, சாப்பிடலையா?" என்றேன்.

பூவலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புதுப்பிள்ளை. நம்ம வீட்டு அடுப்பு இன்னும் பழகலை. நாமளே எந்திரிச்சுப் போயி பத்தவச்சா, குத்திக் காட்டுன மாதிரி ஆயிரும். மனசு நொந்து போகும்லா?"

சாயங்காலம் நான்தான் ஒரு பானை சோறு கொடுத்தேன். பவளம் மட்டும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டது. சமைக்காதவளுக்கு இவ்வளவு பசியா என்று ஒருத்தர் கேட்க வேண்டுமே? கேட்கவில்லை. அவ்வளவு நல்ல மனசு.

எதுவும் ஓடக் கூடாது என்ற விஷயத்தில்தான் பெரிய சிக்கல் வந்தது. கோழிகளிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. கூடையைப் போட்டுக் கவிழ்த்தார்கள். வீட்டு ஆட்களைப் பொறுத்தவரை, பவளம் விழித்திருக்கிற நேரத்தில் யாரும் எழுந்திருக்கவே கூடாது என்று ஏற்பாடு. அவசரமாக வெளியே போக வேண்டியவர்கள் உட்கார்ந்தபடியே நகர்ந்து போனார்கள். அதற்குள் சுவரோரம் எறும்புச் சாரை ஒன்று வந்துவிட்டது. உடனே செம்பை எடுத்து நடுவில் வைத்தார்கள்.

"எறும்பு ஓடுதா, நடக்குதா?" என்று ஆரம்பித்தார் பூவலிங்கம்.

சங்கிலி செம்பை வாங்கினான். "நமக்கு அது நடை. எறும்புக்கு அது ஓட்டம். அதுகிட்டக் கேட்டாத்தான் தெரியும்."

மாடக்கண்ணு செம்பை வாங்கினான். "எறும்புக்கு ஓட்டம்னா நமக்கு என்ன? பவளத்துக்கு என்னன்னு பார்க்கணும். பவளம் நம்மளவிடச் சின்னது, எறும்பைவிடப் பெரிசு. அதனால பாதி ஓட்டம், பாதி நடை."

"பாதி ஓட்டமும் ஓட்டம்தானே தம்பி? அண்ணாச்சி வந்து கேட்டா என்ன சொல்றது? பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாரே!" என்றாள் பேச்சிக்கனி. பாவம், பயத்தில் செம்பைக்கூட வாங்கவில்லை.

"மதினி, செம்பு!" என்றான் மாடக்கண்ணு கண்டிப்பாக.

கடைசியில், அதுவும் குடும்பத்தில் ஒருத்தர்தானே, அதன் அபிப்பிராயத்தையும் கேட்போம் என்று செம்பைப் பவளத்தின் முன்னால் வைத்தார்கள். பவளம் செம்பிலிருந்த தண்ணீரை நக்கிக் குடித்தது. பிறகு செம்பைக் கவிழ்த்தது. தண்ணீர் ஓடி எறும்புச் சாரை மொத்தமும் போய்விட்டது. நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"நம்ம நாலு பேருல யாருக்காவது இது தோணிச்சா?" என்றார் பூவலிங்கம். அன்றிலிருந்து அந்த வீட்டில் பவளத்தின் பேச்சுக்குத் தனி மரியாதை.

ஆனால் பத்து மணி டவுன் பஸ்ஸை என்ன செய்வது? வாசலுக்கு நேராக அல்லவா போகிறது? மாடக்கண்ணு நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்றான்.

"ஏ, என்னப்பா?" என்றார் டிரைவர்.

"வீட்டுல பிள்ளை முழிச்சிருக்கு. ஓடக் கூடாது."

"ஓடாம பஸ் எப்படிய்யா போகும்?"

"எல்லாரும் இறங்கித் தள்ளட்டும். தள்ளுனா ஓட்டம் இல்லை."

வேறு ஊராக இருந்தால் அடிதான் விழுந்திருக்கும். ஆனால் பஸ்ஸில் இருந்தவர்கள் பூரா எங்கள் கரட்டூர்க்காரர்கள். "பிள்ளை முழிச்சிருக்காம்ல, இறங்குங்கப்பா" என்று சொல்லி, நாற்பது பேரும் இறங்கி, என் வீட்டிலிருந்து புளியமரம் வரைக்கும் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் போய் ஒரு கை கொடுத்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று நாள் இப்படி நடந்தது. நாலாவது நாள் டிரைவர் வண்டியைவிட்டு இறங்கி வந்து, "ஐயா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், வீட்டைச் சுத்தி ஒரு வேலியாவது போடுங்க" என்றார். அப்போதுதான் வேலி ஞாபகமே வந்தது.

அண்ணன் தம்பி மூன்று பேரும் சேர்ந்து இரண்டே நாளில் வேலி போட்டார்கள். அருமையான வேலி. ஆறடி உயரம், நெருக்கமாக ஓலை வேய்ந்து, ஈ எறும்பு நுழைய முடியாது. கடைசி ஓலையைக் கட்டிவிட்டுப் பூவலிங்கம் வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எங்கயாவது சந்து இருக்கா?"

"ஒரு சந்துகூட இல்லை அண்ணே. பாருங்க, நம்மளாலயே உள்ள போக முடியலை!" என்றான் சங்கிலி பெருமையாக.

வேலிக்கு உள்ளே பேச்சிக்கனியும் பவளமும். வெளியே அண்ணன் தம்பிகள் மூன்று பேர். வாசல் ஒன்று வைக்கலாமே என்று நான் சொன்னேன். மாடக்கண்ணு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "வாசலும் ஒரு பெரிய சந்துதானே அண்ணாச்சி?"

நல்லவேளை, உள்ளே ஒரு ஏணி இருந்தது. பேச்சிக்கனி அதைத் தூக்கி வேலிக்கு மேலாக வெளியே போட்டாள். மூன்று பேரும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக ஏறி உள்ளே குதித்தார்கள். எல்லாரும் உள்ளே சேர்ந்த பிறகுதான், ஏணி வெளியே இருக்கிறதே என்று தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் "அண்ணாச்சி, ஏணி!" என்று ஒரு சத்தம் வரும். நான் எழுந்து போய் ஏணியை உள்ளே தள்ளுவேன். வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கம் குதிப்பார்கள். சாயங்காலம் அதே கதை, தலைகீழாக. எனக்கு வேறு பிழைப்பே இல்லாமல் போய்விட்டது.

இப்படியே பதினைந்தாம் நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்துப் புதன்கிழமை.

ஊர்க்காவலன் பஸ்ஸைவிட்டு இறங்கி, வேலியைச் சுற்றி இரண்டு தரம் நடந்துவிட்டு என்னிடம் வந்தார். "இந்த வீட்டுக்கு எப்படிப் போறது?" என்றார். நான் ஏணியைக் கொடுத்தேன். நானும் அவருக்குப் பின்னாலேயே ஏறி வேலிக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டேன். இதைப் பார்க்காமல் விடுவேனா?

உள்ளே முற்றத்தில் நாலு பேரும் காலித் தட்டுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூடைகளுக்குள் கோழிகள் முனகின. கட்டிலில் பவளம், பக்கத்தில் துவைத்து மடித்த அதன் போர்வை. ஊர்க்காவலன் பொத்தென்று குதித்தார். பவளம் கண் திறந்தது. குதித்த வேகத்தில் நிலைதடுமாறி அவர் நாலு எட்டு முன்னால் ஓடிவிட்டார்.

"அண்ணாச்சி! ஓடாதீங்க! அது முன்னாடி ஓடக் கூடாது!" என்று நாலு பேரும் அலறினார்கள்.

பவளம் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக ஒன்று ஓடுவதைப் பார்க்கிறது. விடுமா? வீட்டை மூன்று சுற்று சுற்றினார்கள் இரண்டு பேரும். மூன்றாவது சுற்றில் வேட்டி அதன் வாயில் மாட்டியது. அப்புறம்தான் அவர் உட்கார்ந்தார். பவளமும் வேட்டியை விட்டுவிட்டுப் பேச்சிக்கனி மடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மூச்சு வாங்க, அந்த வீட்டில் நடந்தது அத்தனையையும் ஊர்க்காவலன் கேட்டார். அவர்களும் ஒன்று விடாமல், பெருமையாகச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துப்போனது.

"குட்டியத் தாங்க. நான் கொண்டு போறேன்."

"ஐயையோ! என்ன தப்பு செஞ்சோம் அண்ணாச்சி? நீங்க சொன்னதுல எது ஒண்ணு குறைஞ்சு போச்சு?" என்றாள் பேச்சிக்கனி.

"ஒண்ணும் குறையலைம்மா. எல்லாம் அப்படியே நடந்திருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு."

பேச்சிக்கனி பவளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "பதினஞ்சு நாளா என் மடியிலதான் தூங்குது. என் கை பட்டாத்தான் சாப்பிடும். இதைக் குடுத்துட்டு நான் எப்படி இருப்பேன்?" சங்கிலி தோளில் கிடந்த துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பூவலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு செம்பை எடுத்தார். "பிடிக்கலைன்னா தூக்கிட்டுப் போவேன்னு அண்ணாச்சி அன்னிக்கே சொன்னாரு. நாமளும் தலையை ஆட்டுனோம். வாக்கு வாக்குதான். குடுத்துருவோம் கனி."

மாடக்கண்ணு செம்பை வாங்கினான். "குடுக்கணும், சரி. எந்த முறையில குடுக்குறது? நம்ம வீட்டுப் பொண்ணு. வெளியாளு ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாரு. சும்மா கையில தூக்கிக் குடுத்துர முடியுமா? ஊரு என்ன பேசும்?"

அழுகை சட்டென்று நின்றது. பேச்சிக்கனி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதானே! பொண்ணு கேட்டு வந்தவரு, பூ பழம் இல்லாம, வேலி ஏறிக் குதிச்சா வர்றது?"

"பொண்ணு கேட்டா? நானா?" என்றார் ஊர்க்காவலன்.

"செம்பை வாங்கிட்டுப் பேசுங்க" என்று சங்கிலி அதை அவர் கையில் திணித்தான். "மாப்பிள்ளை யாரு?"

அந்த மனுசர் மூன்று சுற்று ஓடிய களைப்பில் இருந்தார். எதையாவது சொல்லித் தப்பித்தால் போதும் என்று, "எங்க வீட்டுல கருப்பன்னு ஒரு நாய் இருக்கு. அதுக்குன்னே வச்சுக்கோங்களேன்" என்றார்.

"என்ன வேலை பார்க்குறாரு?"

"வேலையா? வாசல்ல படுத்துக் கெடக்கும்."

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "சாயங்காலம்?" என்றார் பூவலிங்கம்.

"திரும்பிப் படுக்கும். ஆனா முயலைக் கண்டா விரட்டும்."

"எதையாவது பிடிச்சிருக்காரா?"

ஊர்க்காவலன் கொஞ்சம் தயங்கினார். "பிடிச்சதில்ல. ஆனா நல்லா விரட்டுவான்."

நாலு பேரும் தலையைச் சேர்த்து வைத்துக் குசுகுசுவென்று பேசினார்கள். பவளத்தின் முன்னால் செம்பை வைத்துச் சம்மதமா என்று கேட்டார்கள். அது கொட்டாவி விட்டது. பூவலிங்கம் எழுந்து, பவளம் விழித்திருக்கிறதே என்று மறுபடியும் உட்கார்ந்து, கை கூப்பினார்.

"அண்ணாச்சி தப்பா நினைக்கக் கூடாது. உங்க குடும்பம் பெரிய குடும்பம். ஆனா வேலைவெட்டி இல்லாம படுத்துக் கெடக்குற மாப்பிள்ளைக்கு எங்க பொண்ணைத் தர்றதுக்கு இல்லை."

இந்த இடத்தில் ஊர்க்காவலன் சிரித்துவிட்டு குட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் முகம் சிவந்துவிட்டது.

"கருப்பனுக்கு என்னவே குறைச்சல்? சுத்துப்பட்டு ஊர்ல அவன் மாதிரி ஒருத்தனைக் காட்டுங்க பார்ப்போம்! குடி உண்டா, கெட்ட சகவாசம் உண்டா? வேலைதானே உங்களுக்கு வேணும்? ஒரே மாசத்துல வேலையோட கூட்டிட்டு வந்து உங்க முன்னாடி நிறுத்துறேன். அதுவரைக்கும் பொண்ணை வேற எடத்துல பேசி முடிச்சிரக் கூடாது, சொல்லிட்டேன்!"

செம்பை நங்கென்று வைத்துவிட்டு விறுவிறுவென்று வேலிக்கு வந்தார். நான் ஏணியை உள்ளே விட்டேன். ஏறிக் குதித்துப் போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேச்சிக்கனி பவளத்தின் நெற்றியில் முத்தம் கொடுத்து, "நல்ல சம்பந்தமா அமையுற வரைக்கும் நீ என்கூடவே இருடி கண்ணு" என்றாள்.

போன வாரம் நூல் மில் பக்கம் போயிருந்தேன். கேட்டுக்கு முன்னால் ஊர்க்காவலன் நிற்கிறார். பக்கத்தில் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, நெற்றியில் திருநீறு பூசிக் கருப்பன். வாட்ச்மேன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று மேனேஜர் ஒத்துக்கொண்டாராம். ஆனால் ராத்திரி ஷிப்ட் மட்டும் கூடவே கூடாது என்று ஊர்க்காவலன் ஒற்றைக் காலில் நிற்கிறார், கல்யாணம் ஆகப்போகிற பையனாம்.